பட்டையில் விழாத கீறல்

சொறி வந்தவர்களைக் காட்டில் எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அளந்துவர அணிலை அனுப்பியது பஞ்சாயத்து. ஒதுக்கப்பட்டவர் தம்மை ஒதுக்கியவர் பெயரைச் சொன்னால், அணில் கொண்டுபோகும் வேப்பம்பட்டையில் ஒரு கீறல். பத்துக் கீறல் விழுந்தால் பஞ்சாயத்தே வந்து நியாயம் கேட்கும்.

வெள்ளாடு முள்வேலியில் முதுகைத் தேய்த்தபடி நின்றது.

"அக்கா, குளத்துல யாராச்சும் உன்ன வெரட்டுனாங்களா?"

"இல்லப்பா."

"மேயிற எடத்துல மூஞ்சியத் திருப்புனாங்களா?"

"இல்லவே இல்ல."

"அட, கொடுத்துவச்ச மகராசி!" என்றது அணில். ஆனாலும் அதற்கு இருப்புக்கொள்ளவில்லை. மரத்தில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வெயிலில் ஆட்டின் உதடு வெடித்திருந்தது.

"கடைசியா எப்பக்கா தண்ணி குடிச்ச?"

"முந்தாநாளு. மழை கொட்டுச்சுல்ல, அப்ப கொளத்துல ஒருத்தரும் இல்ல."

"இப்ப வாயேன், நானும் வர்றேன்."

"ஐயோ, மானுங்க நிக்குதுங்க. அதுங்க போகட்டும் சாமி."

அணில் பட்டையில் பல்லை வைத்தது. யார் பெயரைச் சொல்லிக் கீறுவது? பல்லை எடுத்துவிட்டு, குளத்தை எட்டிப் பார்த்தது.

மான்கள் இன்னும் போகவில்லை.