மூங்கிலுப்பின் சத்தம்

கிடங்கின் தகரக் கூரை ஓட்டைகள் வழியே மதிய வெயில் வட்ட வட்டமாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. இருபுறமும் கணு மூடிய மூங்கில் துண்டுகளை அவள் ஒவ்வொன்றாக எடுத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறாள். அவளுக்குக் காதுதான் தராசு. ஊமைத் துண்டுகள் சுவரோரம் போகின்றன. உள்ளே கலகலத்தால் மருந்துக்கு ஆகும் மூங்கிலுப்பு இருக்கிறது. அது கத்தியோடு குந்தியிருக்கும் புருஷனிடம் போகிறது. அவன் பிளந்ததும் வெள்ளைத் துணுக்குகள் பால்பல் போல உதிர்கின்றன. இடுப்பில் செருகிய கைப்பேசி அதிர்கிறது. கடல் தாண்டி வேலைக்குப் போன மகள். எடுத்த எடுப்பில், சாப்பிட்டாயா என்றுகூடக் கேட்காமல், இவள் தன் கையிலிருக்கும் துண்டைக் கைப்பேசியருகே மெல்ல ஆட்டுகிறாள். பச்சைப்பிள்ளையாக இதே கிடங்கில் சாக்கு விரிப்பில் கிடந்தபோது, இந்தச் சத்தம் கேட்டால்தான் மகள் கண்ணை மூடுவாள்.

“என்னம்மா ஒரே இரைச்சலா இருக்கு? லைன் சரியில்ல போல. அப்புறம் பேசவா?”

“சரி கண்ணு, வெச்சிடு.”

திரை அணைந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இமைமயிரில் மூங்கில்தூள் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. புருஷன் கையை நீட்டுகிறான்.

“அதக் குடு, பிளந்துடறேன்.”

“இதுல ஒண்ணுமில்லங்க.”

சுவரோரம் ஊமைத் துண்டுகளோடு அதைச் சாய்த்து வைக்கிறாள். வைக்கும்போது அது கலகலக்கிறது. அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

“சரி, வேற குடு” என்கிறான்.