மூன்றாம் பாகத்துக்குப் புல்லரித்தவர்

“சத்தியமா நான் எழுதலை. என்னை நம்பு” என்றான் கணவன்.

“அப்போ யாரு? எனக்காக வரிஞ்சு கட்டிக்கிட்டுப் பேப்பருக்கு எழுத உங்களை விட்டா வேற யாரு இருக்கா?”

அவள் பேப்பரை மேஜையில் எறிந்தாள். டீ ஆறிப்போய் ஆடை படிந்துகொண்டிருந்தது.

அவள் இசையமைப்பாளர். பாட்டு, வாத்தியம் எதுவும் கிடையாது. குழாய் சொட்டுவது, லிஃப்ட் கதவு மூடுவது, தையல் மிஷின் ஓடுவது என்று கண்ட சத்தத்தையும் பதிவு செய்வாள். கம்ப்யூட்டரில் அதை நீட்டி, மடக்கி, எட்டு ஸ்பீக்கர்களில் சுற்ற விடுவாள். கூடவே மூன்று திரைகளில் படம் ஓடும். எட்டு மாத உழைப்பு போன வாரம்தான் மேடை ஏறியது.

விமர்சகர் கிழி கிழியென்று கிழித்துவிட்டார். ‘மின்சாமான் கடைக்குள் வைத்துப் பூட்டிய மாதிரி இருந்தது. அம்மையார் பேசாமல் இரண்டு பாட்டுப் பாடியிருக்கலாம்.’

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். ஒரு விஷயத்தில் மனிதர் பெருந்தன்மையாக இருந்தார். மூன்றாம் பாகம் ஆரம்பிக்கும்போது கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டது. அவள் மன்னிப்புக் கேட்டு நிகழ்ச்சியைப் பாதியில் முடித்தாள். அதை அவர் எழுதவில்லை.

வினை வாசகர் கடிதத்தில் வந்தது. ‘உண்மை ரசிகன்’ என்ற பெயரில் யாரோ எழுதியிருந்தார்.

‘விமர்சகருக்குக் காது கேட்குமா? மூன்றாம் பாகத்தில் தையல் மிஷின் கொஞ்சம் கொஞ்சமாக ரயிலாக மாறுகிறதே, அதற்கு எனக்குப் புல்லரித்தது. அரங்கமே அசந்துபோனது.’

விமர்சகர் விடுவாரா? இன்றைய பேப்பரிலேயே பதில்.

‘நடக்காத மூன்றாம் பாகத்துக்குப் புல்லரித்த ரசிகருக்கு என் வாழ்த்துகள். இசையமைப்பாளர் அடுத்த முறை தன் ஆட்களை அரங்கத்துக்காவது அனுப்பி வைக்கட்டும்.’

காலையிலேயே அரங்க மேலாளரிடமிருந்து போன். “இப்படி ஆள் வெச்சு எழுதினா எங்க பேரும் சேர்ந்து கெடுதும்மா. சாயந்திரத்துக்குள்ள பேப்பருக்கு ஒரு விளக்கம் அனுப்புங்க. இல்லேன்னா சனிக்கிழமை ரெண்டாவது ஷோவை மறந்துடுங்க.”

“உங்க ஃப்ரெண்ட்ஸ் யாராவது எழுதியிருப்பாங்களா?” என்றாள் கணவனிடம்.

“அவனுங்க லீவ் லெட்டரையே என்னைத்தான் எழுதித் தரச் சொல்லுவானுங்க.”

பக்கத்து அறையில் டிவி சத்தம் திடீரென்று கூடியது. மாமனார். அவள் வேலையை ஆரம்பித்தாலே, “என்னம்மா, மிக்சியைப் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறவர். முட்டி வலி என்று நிகழ்ச்சிக்கும் வரவில்லை.

“இவர் வேற, நேரம் காலம் தெரியாம” என்று முணுமுணுத்தபடி லேப்டாப்பைத் திறந்தாள். தட்டிக்கொண்டே உரக்கப் படித்தாள்.

“‘அந்தக் கடிதத்துக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதை எழுதியவர் அரங்கத்துக்கே வராத கடைந்தெடுத்த பொய்யர்.’ சரியா இருக்கா?”

“கடைந்தெடுத்த வேணாமே.”

“இருக்கட்டும். எனக்கு வயிறு எரியுது.”

டிவி நின்றது. கதவைப் பிடித்துக்கொண்டு மாமனார் வந்து நின்றார்.

“வராதவன்னு வேணா போட்டுக்கோம்மா. பொய்யன்னு போடாதே.”

இருவரும் திரும்பினார்கள்.

“நான்தான் எழுதினேன். உன்னைப் போய்ப் பாட்டுப் பாடச் சொல்றான் அந்த ஆளு. பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு.”

“மாமா, நீங்களா? நீங்களே மிக்சின்னுதானே சொல்லுவீங்க!”

“நம்ம வீட்டுக்குள்ள நான் கிண்டல் பண்ணுவேன். வெளியாள் பண்ணா சும்மா விடுவேனா? கதவைச் சாத்திட்டா தெருச் சத்தம் வராது. சுவர் வழியா உன் ரூம் நல்லாக் கேக்கும். அந்த ரயில் வர்ற இடத்தை நாற்பது தடவை மாத்தியிருப்பே. அத்தனையும் கேட்டேன். கடைசியா அது சரியா வந்த அன்னிக்கு, படுத்திருந்தவன் எழுந்து உக்காந்துட்டேன்.”

எட்டு மாதமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

“எல்லாம் சரி மாமா. அரங்கமே அசந்துபோச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அது பொய்தானே? அன்னிக்கு மூணாம் பாகம் நடக்கவே இல்லையே!”

மாமனார் மகனைப் பார்த்தார். அவன் கூரையைப் பார்த்தான்.

“அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் எப்படிம்மா போச்சுன்னு கேட்டேன். ‘மூணு பாகமும் பிரமாதம் மாமா, அந்த ரயில் வந்தப்போ அரங்கமே அசந்துபோச்சு’ன்னு நீதானே சொன்னே?”

அவர் கிண்டலுக்குப் பயந்து அன்று விட்ட புளுகு அது. அவள் தன்னையும் மீறிச் சிரித்துவிட்டாள். அடித்ததை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக அடித்தாள்.

‘மூன்றாம் பாகம் நடந்ததாகப் பொய் சொன்னவள் நான். நம்பியவர் என் மாமனார். இந்தப் படைப்பை முழுசாகக் கேட்டுவிட்டுப் பேப்பருக்கு எழுதிய ஒரே ஆள் அவர்தான்.’