வெட்டிப் போட்ட கீரை

சொல்லாமல் கொள்ளாமல் ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு போன என் மகள் தாரிணி, வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் தன் செடியை மட்டும் விட்டுவிட்டுப் போயிருந்தாள். சுவிஸ் சார்ட் என்று ஒரு சீமைக் கீரை. எங்கள் ஊர்க் குளிர்தான் அதற்குத் தோதாம். பீட்ரூட் இலை மாதிரிப் பெரிய இலை, ரத்தச் சிவப்பில் தண்டு. சேதி வந்த அன்றைக்கே அரிவாளை எடுத்தேன். “பெத்தவளே வேண்டாம்னு அவ போயிட்டா, உனக்கு மட்டும் இங்க என்ன வேலை?” ஒரே வெட்டு. கொஞ்ச நாளில் மறுபடி துளிர்த்து நின்றது. அவளுடைய அதே திமிர். மறுபடி வெட்டினேன். வெட்ட வெட்ட முன்னைவிடச் செழித்தது. ஒரு இலையைக்கூட நான் சமைக்கவில்லை. எல்லாவற்றையும் பக்கத்து வீட்டு செலினிடம் வேலிக்கு மேலே தூக்கிப் போட்டேன். “உங்க கைராசியே தனிதான் அக்கா” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இன்றைக்கு மத்தியானம் தாரிணி போன் செய்தாள். நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் எடுத்தேன்.

“அம்மா, என் கீரை இருக்கா?”

“வெட்டிப் போட்டேன். இன்னிக்குக் காலையிலகூட வெட்டினேன்.”



“வேரோட பிடுங்கலையா? நான் சொல்லித் தந்த மாதிரி ரெண்டு விரல் உயரம் விட்டுத்தானே வெட்டினே?”

“அதைக் கேக்க நீ யாருடி?” என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடுக்குருத்தில் கீறல்கூட விழாமல், சரியாக இரண்டு விரல் உயரத்துக்கு அது நின்றுகொண்டிருந்தது.