கடைசிக் குண்டு

குறிபார்த்துச் சுடும் பந்தயத் திடலில் ஒரு கருமருந்துத் துப்பாக்கி எரிச்சலோடு இருந்தது. அது சுட்ட முதல் குண்டு மட்டும் குறிப்பலகையின் நடுவில் பட்டது. அப்புறம் சுட்டவையெல்லாம் விலகிப் போயின. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குண்டு.

"நீயாவது நேராகப் போவாயா?" என்று அதைத் திட்டியது.

"குழல் முழுக்கக் கரி அண்ணே. உரசிக்கிட்டே போனா எப்படி நேராப் போறது? ஈரத்துணியைக் கொஞ்சம் உள்ளே விடுங்க."

"இத்தனை பேர் பார்க்கவா?"

துப்பாக்கி கூசியது. ஆனாலும் தோற்க மனமில்லாமல் சம்மதித்தது. உள்ளே போன வெள்ளைத்துணி கன்னங்கரேலென்று வெளியே வந்தது.

டுமீல்! குண்டு நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. திடலே ஆரவாரித்தது.

துப்பாக்கி நிம்மதியாகப் புகையை ஊதியது. பிறகு துணியிடம் மெல்லக் கேட்டது:

"தம்பி, இன்னும் கரி இருக்கா, பாரேன்."