செவலைக்கு என்ன கோபம்?

“இன்னைக்கும் உதைச்சிடுச்சு டாக்டர்! பாத்திரம் அந்த மூலைல கிடக்கு பாருங்க.”

மாட்டு டாக்டர் குனிந்து கொட்டகைக்குள் நுழைந்தார். செவலைப் பசு ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. மடி மட்டும் கல்லாய் இறுகியிருந்தது.

“முந்தாநாள் ஊசி போட்டேனே?”

“அந்த ஒரு வேளைக்குத்தான் பால் இறங்குச்சு. எங்க வீட்டுக்காரருக்குக் கை ஒடிஞ்ச நாள்லேருந்து இதே கூத்துதான். என்னை மட்டும் கிட்டயே சேர்க்க மாட்டேங்குது.”

“அதுக்கு முன்னாடி எல்லாம் அவர்தான் கறப்பாரா?”

“அவரேதான். விடியறதுக்கு முன்னாடியே எந்திரிச்சு வந்துடுவார். ‘நீ தூங்கு, நான் பார்த்துக்கறேன்’னுடுவார். ஒரு நாள்கூட என்னை எழுப்பினது கிடையாது.” இதைச் சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

டாக்டர் காய்ச்சல் பார்த்தார். காம்புகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறந்து பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார்.

“உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா. பாலும் இருக்கு. விடத்தான் மாட்டேங்குது. கன்னை விட்டுப் பார்த்தீங்களா?”

“கன்னு வளர்ந்துடுச்சு. அதையும் கொண்டுவந்து நிறுத்தினேன், முட்டித் தள்ளிடுச்சு. அவர் சட்டையை மாட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். மோந்து பார்த்துட்டு உதைச்சுது.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்: “பக்கத்து வீடு உங்க கொழுந்தனார்தானே? மாட்டுல கை பழகினவர். அவரைக் கூப்பிட்டா என்ன?”

“மெதுவா பேசுங்க டாக்டர்! இவர் காதுல விழுந்துடப் போகுது.”

அஞ்சு வருஷமாக அந்தப் பேச்சே அந்த வீட்டில் கிடையாது. முழ அகல நிலத்துக்காக அண்ணனும் தம்பியும் நடுத்தெருவில் நின்று கத்தியதும், ‘இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்’ என்று அவள் கணவன் துண்டை உதறியதும், மறு வாரமே நடுவில் சுவர் எழும்பியதும் ஊருக்கே தெரியும்.

அன்றிலிருந்து அவளும் கொழுந்தன் மனைவியான தன் ஓரகத்தியோடு பேசுவதில்லை. இருவருக்கும் ஒரு சண்டையும் இல்லை. ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்தான். போன வருஷம் சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை பிறந்தது. அழுகுரல் கேட்டு, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து சின்னதாக ஒரு கவுன் தைத்தாள். கொண்டுபோய்க் கொடுக்காமல் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். கணவன் மனசு நோகக் கூடாதே!

“சரி, அவரையே வரச் சொல்லுங்க” என்றார் டாக்டர். “கறக்க வேணாம். பக்கத்துல உட்கார்ந்தா போதும்.”

கட்டுப்போட்ட கையோடு கணவன் வந்தான். வர மனமில்லாதவன் மாதிரி வந்தான்.

“எப்பவும் கறக்கும்போது என்ன செய்வீங்களோ, அதைச் செய்யுங்க.”

“என்ன செய்வேன்? உட்காருவேன், கறப்பேன். அவ்வளவுதான்.”

“பாட்டு கீட்டு? பேச்சு?”

“மாட்டுக்கிட்ட என்னத்தைப் பேசறது டாக்டர்?”

அவன் முக்காலியில் உட்கார்ந்து இடது கையால் செவலையின் கழுத்தைத் தடவினான். அது அவனை நக்கியது. பிறகு சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பி, “ம்ம்மா” என்றது.

“யாரையோ தேடுதே?”

“ஈ கடிச்சிருக்கும்” என்றான் அவன் அவசரமாக.

அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு மடியில் கை வைத்தாள். செவலை காலைத் தூக்கியது. அவள் பின்வாங்கினாள். கண் கலங்கிவிட்டது. “நான் இதுக்கு என்ன குறை வெச்சேன்?”

“இதுக்கு மேல தள்ளிப்போட முடியாதும்மா” என்று டாக்டர் பெட்டியைத் திறந்தார். “பால் தேங்கினா மடி வீங்கிச் சீழ் வச்சிடும். ஒரு காம்பு போனா போனதுதான். குழாய் விட்டுத்தான் எடுக்கணும். வலிக்கும். கால் ரெண்டையும் சேர்த்துக் கட்டுங்க.”

நீளமான கம்பி போன்ற குழாயைப் பார்த்ததும் கணவனின் முகம் வெளுத்தது. செவலையைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். பிறகு எழுந்து சுவரோரம் போனான்.

“டேய்! வாடா.”

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. யாரைக் கூப்பிடுகிறார்? கை உடைந்ததில் தலையிலும் அடிபட்டுவிட்டதா?

“வாடா, பரவாயில்லை. உங்க அண்ணியும் இங்கதான் இருக்கா.”

வைக்கோல் போருக்குப் பின்னால் சலசலத்தது. கொழுந்தன் தலையில் துரும்போடு வெளியே வந்தான். சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை அங்கே இருப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணியைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் நேராகப் போய், ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, செவலையின் முகத்துப் பக்கம் பழக்கப்பட்டவனாய் உட்கார்ந்தான். அண்ணன் திரும்பி வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்தான்.

“அன்னைக்குப் பேச்சை எங்க விட்டோம்ண்ணே?”

“பாப்பாவுக்கு மூணாவது பல் முளைக்குதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தே.”

“நாலும் வந்துடுச்சுண்ணே. பெரியப்பா விரலைக் கொடுத்தா இனிமே தப்பாது!”

அண்ணனும் தம்பியும் சிரித்தார்கள். அவள் மறுபடி மடியில் கை வைத்தாள். காம்பு இளகியது. பால் சர்ரென்று பாத்திரத்தில் சீறி விழுந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டுச் சுவருக்கு மேலே ஒரு தலை எழும்பியது. ஓரகத்தி! இடுப்பில் குழந்தையோடு, உட்கார்ந்திருந்த இருவரையும் திகைத்துப் பார்த்தவள், அதே திகைப்பை அவள் முகத்திலும் கண்டு, அஞ்சு வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

“அக்கா... உங்களுக்கும் தெரியாதா?”