சக்கரத்தடி எலுமிச்சை

"ஒம் பழைய சேலையில ஒரு துண்டு கிழிச்சுக் குடு, கண்ணாடி தொடைக்க" என்று கேட்டார் என் வீட்டுக்காரர் பூமிநாதன்.

நீலச் சேலையைக் கிழித்துக் கொடுத்தேன்.

ராமநாதபுரத்தில் அவர் பொறுப்பில் இருந்த ஆபீஸ் ஜீப்புகளுக்குத்தான் அந்த வருடம் முதல் பரிசு. எப்போது கூப்பிட்டாலும், சாவியைத் திருப்பியதும் கிளம்பும் வண்டிகள் என்று பாராட்டியிருந்தார்கள். காலையில் பெரிய அதிகாரி வந்து கேடயம் கொடுத்து, முதல் வண்டியைப் பழத்தின் மேல் ஏற்றிக் கிளப்புவதாக ஏற்பாடு.

ஷெட்டுக்குப் பின்னால்தான் எங்கள் குவார்ட்டர்ஸ். சன்னலில் நின்று பார்த்தேன். வரிசையாக நின்ற ஜீப்புகளுக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார். முதல் வண்டிக்கும் வைத்துவிட்டு எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தார்.

ஓடினேன். டிரைவர் பால்சாமி சாவியோடு அந்த வண்டியிலேயே ஏறிவிட்டான்.

"ஏலே, எறங்கு. பழத்த நீ நசுக்கிட்டா ஆபீசர் எதுமேல ஏத்துவாரு, ஒந்தலையிலயா? வாயுதான். ஒரு சோடா குடிச்சாச் சரியாப் போயிரும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது.

"பழம் கெடக்கட்டும், நீ வண்டிய எடு தம்பி" என்றேன்.

அவர் பம்பரைப் பிடித்த பிடியை விடவில்லை.

பால்சாமி ரோட்டுக்கு ஓடி ரிக்‌ஷா கூட்டிவந்தான்.

ஜீப்புகளைத் தாண்டும்போது திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்த நீலத் துணியாலேயே அவர் முகத்தைத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது.

பெரியாஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது வேர்ப்பது நின்றிருந்தது.

அவரை வீட்டுக்குக் கொண்டுவர, அதிகாரி முதல் ஜீப்பையே அனுப்பிவைத்தார்.

சாவியைத் திருப்பியதும் கிளம்பியதாம்.

கிளப்புவதற்கு முன் பால்சாமி குனிந்து, சக்கரத்தடியில் இருந்த நான்கு பழங்களையும் எடுத்துவிட்டான். அவர் வைத்ததை நசுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

கேடயத்தைப் பிறகு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். அதன் பக்கத்தில் அந்தப் பழங்களில் ஒன்றை வைத்திருக்கிறேன். கறுத்து, காய்ந்து, கல்லாகிவிட்டது.

இன்னும் நசுங்கவில்லை.