வீட்டிலுள்ள முடிச்செல்லாம்

கனகா முதலில் அவிழ்த்தது தன் கொண்டையை.

அடுத்தது துணி காயப்போட்ட கொடிக்கயிறு. ஈரத்துணியெல்லாம் மொத்தமாக மணலில் விழுந்தது. விழுந்தால் விழட்டும்.

அரிசி டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் மகள் சுடர்விழி அலறிக்கொண்டிருந்தாள். கனடாவில், ஊரைவிட்டு எங்கோ தள்ளியிருந்த ஓர் ஆட்டுப்பண்ணையில், விறகடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி விரித்துக் கிடந்தாள். நேற்றே வலி கண்டது. பிள்ளை இன்னும் இறங்கவில்லை.

ஆம்புலன்ஸ் வர வழியில்லை. கதவில் பாதி உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடக்கிறதாம், சாலை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லையாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் இன்னொரு போனில் ஏதேதோ சொல்லிக்கொடுத்தார்கள். வெள்ளைக்கார மருமகனும் பாவம், சொன்னதையெல்லாம் செய்துகொண்டுதான் இருந்தான்.

"வீட்டுல ஒரு முடிச்சு இருக்கக்கூடாதுடி. எல்லாத்தையும் அவுத்துவிடு, புள்ளைக்கு வழி விடும்" என்றாள் பக்கத்து வீட்டு ராஜம்மாள்.

கனகாவுக்கும் தெரிந்த வழக்கம்தான். சுடர்விழி பிறந்தபோது கனகாவின் மாமியார் ஆட்டுக்குட்டியின் கழுத்துக்கயிற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அவிழ்த்துவிட்ட குட்டி அடுத்த தெருவில் போய்ப் பிடிபட்டது.

இருவரும் வீட்டைப் புரட்டினார்கள். பாய்க்கட்டு, மிளகாய் மூட்டை, கொசுவலையின் மூலைகள், சாமி படத்து மாலை. பாவாடை நாடாவையும் அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள் கனகா. இந்த நேரத்தில் என்ன வெட்கம்.

வெளியே பூவரச மரத்தடியில், வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவள் புருஷன் ராசு நண்டு வலையோடு உட்கார்ந்திருந்தான்.

புயல் எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். நாளை விடிந்தால் கடலுக்குப் போகலாம். கரை முழுக்க ஆண்கள் வலைக்குப் பொத்தல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் விடிகாலையிலிருந்து அதே வேலையாக இருந்தான். நர்ஸ் வேலைக்குப் போன மகள் அங்கேயே ஒருவனைக் கட்டிக்கொண்டாள் என்று தெரிந்த அன்றே அவளைத் தலைமுழுகியவன். அதன்பிறகு அவள் பெயரை அவன் வாயால் சொல்லிக் கனகா கேட்டதில்லை.

அலறல் தெருமுனை வரைக்கும் கேட்கிறது. அந்த முதுகு அசையவில்லை.

இவனெல்லாம் ஒரு தகப்பனா? கனகா போன் பக்கம் திரும்பினாள்.

"அங்க உள்ளதையும் அவுக்கச் சொல்லுடி!" என்று போனைப் பார்த்துக் கத்தினாள்.

சுடர்விழி மூச்சு வாங்க வாங்க இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். மருமகன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தான். விறகுக்கட்டைப் பிரித்தான். பிறகு நாற்காலியில் கிடந்த குட்டி ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தான்.

ஒரு கைக்கு மட்டும் இன்னும் பின்னல் பாக்கி. அவர்கள் ஆடு, அவர்களே கத்தரித்த ரோமம், அவளே நூற்ற நூல். பனிக்காலம் தொடங்கியதிலிருந்து பிள்ளைக்கென்று பின்னினாள். வாராவாரம் அம்மாவிடம் காட்டுவாள். ஊசியைச் செலுத்தி நூலைச் சுண்டுகிற அந்த விரல்களைப் பார்த்தால் வலை பின்னுகிற ராசுதான் கனகாவின் கண்ணுக்குத் தெரிவான். அதை மகளிடம் சொன்னதில்லை. சொன்னால் அழுவாள்.

சுடர்விழி தலையை ஆட்டினாள். அவன் ஊசியை உருவி நூலை இழுத்தான். பின்னலில் முடிச்சு ஏது என்று கேட்கிற நிலைமையில் அங்கேயும் யாரும் இல்லை, இங்கேயும் யாரும் இல்லை. ஸ்வெட்டர் சரசரவென்று பிரிந்து தரையில் சுருண்டது.

பிள்ளை இறங்கவில்லை.

ராஜம்மாளின் பார்வை கனகாவின் கழுத்துக்கு வந்தது. உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மஞ்சள் கயிறு. ராசு போட்ட முடிச்சு.

நாளைக்குக் கடலுக்குப் போகிறவன் கட்டிய தாலியில் எவள் கை வைப்பாள்? ஆனால் போனில் மகளின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அலறலைவிட அது பயங்கரமாக இருந்தது.

அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். திருட்டுத்தனமாகச் செய்யமாட்டாள். அந்தக் கல்நெஞ்சுக்காரனின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் செய்வாள்.

விரிந்த தலையோடு மரத்தடிக்கு நடந்தாள்.

"இந்தாங்க, நான் தாலிய…"

அவன் மடியைப் பார்த்தாள்.

அவன் கையில் வலை பின்னுகிற ஊசி இல்லை, கத்தி இருந்தது. மிதவைகள் ஒரு பக்கம் குவிந்து கிடந்தன, ஈயக்குண்டுகள் ஒரு பக்கம். நடுவில் முழங்கால் உயரத்துக்கு அறுபட்ட நைலான் நூல். ஒவ்வொரு முடிச்சாகப் பார்த்துப் பார்த்து அறுத்திருந்தான். அவள் கொண்டையை அவிழ்ப்பதற்கு வெகுநேரம் முன்பே ஆரம்பித்திருக்க வேண்டும். விரல்களெல்லாம் ரத்தம்.

கனகா அப்படியே மணலில் உட்கார்ந்தாள். அவன் மடியில் எஞ்சியிருந்த வலையின் மறுமுனையைப் பிடித்து, ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள்.

ராசு நிமிரவில்லை. கத்தியும் நிற்கவில்லை.

"புள்ளய இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு. ஓரம் மட்டுந்தான் பாக்கி."